சும்மாட்டுக் கனம்

சங்குவிளை உப்பளத்தில் மாசி மாதம் முதல் உப்பு வாரிய அன்று, கூடையைத் தூக்கி வைக்கும் முன்பே பேச்சிக்கனியின் தலை கனத்தது. தலையில் இருந்தது வெறும் சும்மாடு, பழஞ்சேலையைச் சுருட்டி வளையமாக வைத்த துணி, அவ்வளவுதான். ஆனாலும் கழுத்து நரம்பு புடைக்க அவள் வரப்பில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவள், "ஏட்டி, என்ன மலைச்சுப்போய் நிக்கே, கால் கொதிக்குதுல்லா" என்று வைதாள். பேச்சி சும்மாட்டைக் கையில் எடுத்தாள். ஈரமில்லை. பிரித்து உதறினாள், கல் விழவில்லை, உப்பு விழவில்லை. வரப்போரத்து உடைமுள் மரக் கொப்பில் இரண்டு முனையையும் கட்டித் தொங்கவிட்டதும் சேலை நடுவில் தொய்ந்து, ஒரு பிள்ளை ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்குப் பள்ளம் விழுந்து நின்றது. எட்டிப் பார்த்தாள், உள்ளே ஒன்றுமில்லை. அடியில் கையை வைத்துத் தாங்கிப் பார்த்தாள். இருந்தது.

அவள் அலறவில்லை. அலறுவதற்குள் பக்கத்துப் பாத்தியில் ஒருத்தி "எம்மா, கழுத்து முறியுதே" என்று தன் சும்மாட்டைக் கீழே போட்டாள், அதற்கடுத்த பாத்தியில் இன்னொருத்தி போட்டாள், நடுப்பகல் ஆவதற்குள் வரப்போரத்து உடைமரங்களில் எல்லாம் சேலைகள் தொங்கின, கடற்காற்றுக்குப் படபடக்க வேண்டிய நைந்த நூல்சேலைகள் பறக்காமல் கொள்ளாமல் அதது தன் கனத்தோடு தொங்கின. அளத்துக் கணக்கப்பிள்ளை வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேலை நடக்குமா நடக்காதா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். பெண்கள் தலையில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு மிச்ச உப்பையும் சுமந்தார்கள். கூலி வேலை, நின்றால் ஆகுமா.

எந்தச் சேலை கனக்கிறது, எது கனக்கவில்லை என்று கண்டுபிடிக்க யாருக்கும் சாஸ்திரம் தேவைப்படவில்லை. சங்குவிளையில், பிரசவத்துக்குக் கட்டிக்கொண்டு போன சேலையை, பிள்ளை தங்கினால் வீட்டு உத்தரத்தில் தொட்டிலாகக் கட்டுவார்கள். தங்காவிட்டால் வெளுத்துச் சுருட்டிச் சும்மாடாக்கி அளத்துக்குக் கொண்டு போய்விடுவார்கள். பிள்ளையை அப்பனோ மாமனோ துண்டில் சுற்றிக் கொண்டுபோய் ஓடைக்கரையில் குழி வெட்டி மூடிவிட்டு வருவான். தாய்க்குக் காட்டுவதில்லை, பேர் வைப்பதில்லை, விசேஷம் கிடையாது, துக்கமும் கிடையாது. பால் கட்டி நெஞ்சு கல்லாகும்போது மல்லிகைப் பூவை மாரில் வைத்துக் கட்டுவார்கள், பால் வற்றும், பால் வற்றினால் கதை முடிந்தது. அப்புறம் யாராவது "உனக்கு எத்தனை பிள்ளை" என்று கேட்டால் இருப்பதை மட்டும் சொல்லவேண்டும், இல்லாததைச் சொன்னால் இருப்பதற்கு ஆகாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் சங்குவிளைக்கு எங்கிருந்தோ மூடி கிடைத்திருந்தது.

அந்த மூடிதான் இப்போது கழன்றது. சும்மாடாகச் சுருட்டியது மட்டுமா கனத்தது? அடுப்படியில் சட்டி இறக்கும் பிடிதுணி கனத்தது, கிழித்து ஒட்டுப் போட்ட அரிசிச் சாக்கு கனத்தது, பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு பல வருஷம் தூங்கிய ஒரு கிழவர் மூச்சு முட்டி எழுந்து, "யாருடே என் நெஞ்சு மேல ஏறிப் படுத்திருக்கது" என்று கேட்டார், அவர் மனைவி போர்வையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மாடி வீடு கட்டிய முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் பட்டுச்சேலை வைத்திருந்த பீரோவின் தட்டு முறிந்து விழுந்தது. மருமகளுக்கு மஞ்சள் காமாலை என்று டவுனுக்குக் கூட்டிப்போய்ப் பத்து நாள் வைத்திருந்தார்களே, அது என்ன காமாலை என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் எந்த வீடும் இல்லை.

கனக்கிறதைக் கீழே போடவா முடியும்? உத்தரத்தில் தொட்டிலாகக் கட்டினார்கள். குனிந்து போகப் பழகினார்கள். விளையாடுகிற பிள்ளைகளிடம் "அதுல இடிக்காத, தம்பி கெடக்கான்" என்று சொல்லப் பழகினார்கள், வீட்டுக்கு வந்த விருந்தாளி "இது யாரோடது" என்று கேட்டால் முதலில் முழித்து, பிறகு தொண்டையைச் செருமி, "எனக்கு மூத்தது" என்றும் "கார்த்திகைக்கும் ராஜாவுக்கும் நடுவுல உள்ளது" என்றும் சொல்லப் பழகினார்கள். பூசாரி திருநீறு போட்டுப் பார்த்தார், கனம் குறையவில்லை. உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினார், குறையவில்லை. கோயில் கமிட்டியார் ஊர் முகப்பில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, வெளியூர்க்காரர்கள் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போக வழி செய்ய முனைந்தார்கள். பெண்கள் உப்பு வாரும் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். சங்குவிளையில் ஒரு நல்ல காரியமாவது சண்டையில்லாமல் நடந்தது உண்டா.

பேச்சிக்கனியின் சேலையில் இன்னொன்றும் இருந்தது. அது ஆடியது.

காலையில் அவள் அடுப்பில் உலை வைக்கிற நேரத்துக்கு, யாரும் தொடாமல், காற்றும் இல்லாமல், தொட்டில் மெல்ல ஆட ஆரம்பிக்கும். உலை கொதித்து மூடி தட்டும்போது நின்றுவிடும். மற்ற வீட்டுத் தொட்டில்கள் கிடந்தபடி கிடந்தன, ஆடியது சிலவைதான். அதன் அர்த்தம் தங்கபுஷ்பத்தால் தெரிந்தது. தங்கபுஷ்பம் அளத்தில் மூத்த கூலியாள், வெகு காலத்துக்கு முன்னால் வீட்டிலேயே பெற்றவள். உச்சிப் பொழுதில் பிறந்த ஆண்பிள்ளை விளக்கு வைக்கிற நேரத்துக்கு அடங்கிவிட்டதை மடியில் வைத்துப் பார்த்தவள். அவள் வீட்டுத் தொட்டில் உச்சிப் பொழுதில் ஆட ஆரம்பித்து விளக்கு வைக்கும்போது நின்றது.

"எம் பிள்ள இருந்த நேரம் ஆடுது" என்றாள் தங்கபுஷ்பம். "ஏட்டி பேச்சி, உன்னோடது எம்புட்டு நேரம் ஆடுது?"

பேச்சி எழுந்து வந்துவிட்டாள். போன புரட்டாசியில் அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் பிள்ளை. "செத்துப் பிறந்துட்டும்மா, என்ன செய்ய, உடம்பைப் பாரு" என்றார்கள். அவள் காதில் ஒரு சத்தம் விழுந்திருந்தது, சின்னச் சத்தம், ஒரே ஒரு தடவை. கேட்டதற்கு, பக்கத்து அறைக் கதவு என்றார்கள். பேச்சியும் அதைக் கதவு என்றே நம்பிக்கொண்டாள், நம்பாமல் எப்படித் தூங்குவது.

அன்று சாயந்தரம் லாரியில் உப்பு ஏற்றிவிட்டு வந்த புருஷன் லிங்கதுரை, வழக்கம்போல் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்தான். தொட்டில் கட்டிய நாளிலிருந்து அவன் உள்ளே வருவதில்லை. சாப்பாடும் வெளியே, படுக்கையும் வெளியே.

"அது செத்துப் பிறக்கல" என்றாள் பேச்சி. "ஒரு உலை கொதிக்குத நேரம் இருந்திருக்கு."

அவன் தலையைத் தூக்கவில்லை.

"உங்க கிட்டதான குடுத்தாவ. நீங்கதான ஓடைக்குக் கொண்டு போனிய. சொல்லுங்க."

"துண்டுல சுத்திக் குடுத்தாவ" என்றான் லிங்கதுரை.  பிறகு, "சூடா இருந்துச்சு பேச்சி" என்றான். "சைக்கிள்ல முன்னால வச்சுதான் கொண்டு போனேன். சூடா இருந்துச்சு. நான் வெயிலுன்னு நெனைச்சேன்."

பேச்சிக்கு அவனை அடிக்கவேண்டும்போல் இருந்தது, அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் உள்ளே போய்த் தொட்டிலுக்கு அடியில் படுத்தாள். அன்று முதல் அவள் அளத்துக்குப் போகவில்லை. தினமும் காலையில் உலை வைப்பாள், தொட்டில் பக்கத்தில் உட்காருவாள், அது ஆடி முடியும்வரை கயிற்றில் கை வைத்திருப்பாள். இரண்டு பேருக்குச் சமைக்க நாலு படிப் பானையை வைத்துப் பார்த்தாள், பெரிய உலை என்றால் மெதுவாகத்தானே கொதிக்கும். கொதி வரும் நேரம் பார்த்துப் பச்சைத் தண்ணீரை ஊற்றி அடக்கிப் பார்த்தாள். ஈர விறகு வைத்துப் புகையில் கண் எரிய உட்கார்ந்தாள். உலை ஏமாந்தது, தொட்டில் ஏமாறவில்லை. அது தன் நேரத்துக்கு நின்றது. தனக்குக் கிடைத்தது இவ்வளவு நேரம்தான் என்று தெரிந்த பின்பும் பேச்சி மறுநாள் ஈர விறகைத்தான் தேடினாள்.

இந்த நேரத்தில்தான் லிங்கதுரையின் தங்கை பூரணம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். தாயும் தகப்பனும் இல்லாத வீடு, மைனி பேச்சிதான் எல்லாம். வளைகாப்பு வளையல் கலகலக்க உள்ளே வந்தவள் தொட்டிலை அண்ணாந்து பார்த்தாள், "இதுதான் நம்ம பிள்ளையா மைனி" என்று கேட்டாள், பையை மூலையில் வைத்துவிட்டு அதற்குக் கீழேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். தூக்கத்தில் அவள் கால் தானாக நீண்டு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது. பேச்சி அதைப் பார்த்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் பிரசவமும் பார்க்கிற கிராமத்துச் செவிலி எஸ்தர் ராணி தராசோடு வந்தது அதற்குப் பிறகு. பிறந்த பிள்ளைகளைத் தொங்கவிட்டு எடை பார்க்கும், கடிகாரம் மாதிரி முகம் கொண்ட தராசு அது. கனம் இருந்தால் எடை பார்க்கத்தானே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், பிள்ளை தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று அவள் முதலில் தங்கபுஷ்பத்தின் சேலையைக் கொக்கியில் மாட்டினாள். முள் நகர்ந்து இரண்டே முக்கால் கிலோவில் நின்றது. அவள் கையிலிருந்த தாளில், தாயின் பேர், பிறந்த மாதம், எடை, உயிரோடு பிறந்தது, அன்று சாயந்தரம் இறந்தது என்று எழுதினாள். எழுதி முடித்ததும் சேலை விசுக்கென்று மேலே எழும்பியது, முள் பூஜ்யத்துக்கு ஓடியது.

"எங்கட்டி எம் பிள்ள?" என்று தங்கபுஷ்பம் எஸ்தரின் கையைப் பிடித்து உலுக்கினாள். "இத்தனை வருசமா கெடந்தது, நீ வந்து எழுதி எங்கட்டி அனுப்பிச்ச?" உலுக்கி ஓய்ந்து தரையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடி சாய்ந்தாள், மறுநாள் பொழுது ஏறும்வரை தூங்கினாள். தன் கல்யாணத்துக்குப் பிறகு அப்படித் தூங்கியதில்லை என்று எழுந்து சொன்னாள்.

அதோடு ஊர் இரண்டாகப் பிரிந்தது. "எழுதிருங்க நர்சம்மா, நான் தூங்கணும்" என்று தராசை வழிமறித்துக் கூப்பிட்டவர்கள் ஒரு பக்கம். எஸ்தரின் ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தியவர்கள் ஒரு பக்கம். சாத்தியவர்களில் பேச்சி முதல்.

ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்கு வேறு கவலை. அவருடைய ஆஸ்பத்திரியில் பச்சிளம் பிள்ளை இறப்பே கிடையாது என்று கேடயம் கொடுத்திருந்தார்கள், மேசைமேல் பளபளவென்று இருந்தது. ஊரில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தால் கேடயமும் ஆடும். எஸ்தரைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் செத்துப் பிறந்தது என்று ஒரே வாக்கில் எழுதி முடித்துவிடச் சொன்னார். எஸ்தர் வீடு வீடாகப் போனாள், கதவைச் சாத்திய வீட்டுக்கு வாசலில் நின்றே எழுதினாள். உண்மையிலேயே செத்துப் பிறந்தவை, நாளும் தாய் பேரும் தாளில் ஏறியதும், கனம் இறங்கிப் போயின. ஆடுகிறவை போகவில்லை. பேச்சி வீட்டு வாசலில் நின்று அவள் எழுதிய அன்று, உள்ளே தொட்டில் உத்தரம் முனகுகிற அளவுக்கு வேகமாக ஆடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், அதைச் சோறே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்ன செய்வது.

அன்றுதான் பேச்சி கதவைத் திறந்தாள்.

"ஏன் நர்சம்மா பொய் எழுதுதிய?"

எஸ்தர் ராணி படியில் உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் அலைந்த முகம், ரொம்பக் களைத்திருந்தாள். "உயிரோட பிறந்து செத்துச்சுன்னு எழுதினா விசாரணை வரும் பேச்சி. டாக்டர் எங்க போனார், நீ என்ன செஞ்ச, எதுக்குப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலன்னு ஒரு கூட்டமே உக்காந்து கேக்கும். செத்துப் பிறந்துச்சுன்னா ஒரு கோடு, முடிஞ்சுது. யாருக்கும் யார்கிட்டயும் கேள்வி இல்ல. நாங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுதோம். உன் பிள்ளை பக்கத்துல நான்தான் நின்னேன். மூச்சு வாங்குச்சு, விட்டுச்சு, வாங்குச்சு. ஊதிவிட அங்க ஒண்ணும் இல்ல. துணியால தேய்ச்சேன். தட்டுல வச்சுத் தேய்ச்சுக்கிட்டே நின்னேன்."

பேச்சி அவளை ஏசவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எஸ்தர் குடித்துவிட்டுப் போனாள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் தனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததே என்ற ஆங்காரம் பேச்சிக்கு அதற்கப்புறம்தான் வந்தது, வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

சங்குவிளைத் தொட்டில்கள் விஷயம் மாவட்டத்துக்கு எட்டி, ஒரு பெண் அதிகாரி ஜீப்பில் வந்தார். மங்கையர்க்கரசி என்று பேர், ஊர்க்காரர்களுக்கு ஆபிசரம்மா. தொட்டிலைப் பார்த்து அவரும் ஆச்சரியப்படவில்லை; நடுவாந்திர வயசு, இந்த வேலையில் எல்லாம் பார்த்தாயிற்று என்கிற முகம். பெரிய டாக்டரையும் எஸ்தரையும் கூட வைத்துக்கொண்டு பேச்சி வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பூரணம் சுவரில் சாய்ந்து, வயிற்றில் கை வைத்தபடி பக்கத்தில் இருந்தாள். நாள் நெருங்கிவிட்டது.

"பிறந்த பிள்ளை மூச்சுவிடலைன்னா வச்சு அமுக்குற பை இருக்கே டாக்டர், அது ஏன் உங்க ஆஸ்பத்திரியில இல்ல?" என்று அவர் கேட்டார்.

"கேட்டுட்டுதான் இருக்கோம் மேடம், மேல இருந்து அனுப்பல."

"நீங்க அனுப்புன கணக்குல பிறந்து செத்த பிள்ளை ஒண்ணுகூட இல்ல. எல்லாம் வயித்துக்குள்ளயே செத்தது. வயித்துக்குள்ள செத்த பிள்ளைக்கு மூச்சுப் பை எதுக்குன்னு மேல நெனைப்பாங்களா மாட்டாங்களா?"

டாக்டர் கூரையைப் பார்த்தார். அங்கே தொட்டில் இருந்ததால் மறுபடி தரையைப் பார்த்தார்.

ஆபிசரம்மா பேச்சி பக்கம் திரும்பினார். "இந்தக் கணக்கெல்லாம் இங்கயிருந்து மெட்ராஸ் போய், டெல்லி போய், உலகம் பூராவும் உள்ள கணக்கோட சேருதும்மா. எங்க எத்தனை பிள்ளை எதனால சாகுதுன்னு பெரிய படம் ஒண்ணு போட்டு வச்சிருக்காங்க. சாவு கூடுதலா உள்ள ஊருக்கெல்லாம் சிவப்பு. உங்க ஊர் அதுல வெள்ளையா கிடக்கு. யாரும் சாகலைன்னாலும் வெள்ளைதான், யாரும் எண்ணலைன்னாலும் வெள்ளைதான். வெள்ளையா உள்ள ஊருக்கு ஒண்ணும் வராது."

"எழுதினா எம் பிள்ள போயிரும்லா" என்றாள் பேச்சி.

"போயிரும்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

"எழுதாட்டா?"

ஆபிசரம்மா பூரணத்தைப் பார்த்தார். அவர் கண் போன இடத்துக்குப் பேச்சியின் கண்ணும் போனது. பூரணத்தின் வயிற்றில் பிள்ளை புரண்டது சேலைக்கு மேலேயே தெரிந்தது.

வாசலில் உட்கார்ந்திருந்த லிங்கதுரை எழுந்து, இத்தனை நாளைக்குப் பிறகு முதல் தடவையாக வீட்டுக்குள் கால் வைத்தான். "நான் சொல்லுதேன். சூடா இருந்துச்சும்மா. எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்" என்றான். அவன் தலை தொட்டிலில் இடித்தது, அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிறுத்தினான், பிடித்த கையை எடுக்க முடியாமல் அப்படியே நின்றான். எஸ்தர் ராணி, "நானும் சொல்லுதேன் மேடம்" என்றாள். டாக்டர் மறுக்கவில்லை.

"அவங்க சொன்னா போதாது. அம்மா சொல்லணும்" என்றார் ஆபிசரம்மா.

அந்த வீட்டில் எல்லாரும் பேச்சியைப் பார்த்தார்கள். அவளுக்கு எல்லார்மீதும் வெறுப்பு வந்தது, வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த பூரணத்தின்மீதும் வந்தது. எனக்கு மட்டும் ஏன் யாரும் எண்ணிக்கொண்டு வரவில்லை? என் பிள்ளைக்கு முன்னால் செத்த பிள்ளைகளின் அம்மாக்கள் யாராவது வாயைத் திறந்திருந்தால் என் பிள்ளை இருந்திருக்குமே, அவர்களுக்கு யார் மூடி போட்டது? அவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நாளைக்குக் காலையில வாங்க" என்றாள். "ஒரு உலை வச்சுக்கிடுதேன்."

மறுநாள் அவள் ஈர விறகு தேடவில்லை. காய்ந்த விறகை அடுக்கி, அளவான பானையில் அளவான தண்ணீர் வைத்தாள். தொட்டில் ஆடியது. லிங்கதுரை உள்ளே வந்து மறுபக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான், பூரணம் தலைமாட்டில் உட்கார்ந்தாள். உலை கொதித்தது. தொட்டில் நின்றது. பேச்சி அடுப்பு விறகை இழுத்துவிட்டு வெளியே வந்து, ஜீப்பில் காத்திருந்தவரிடம், "எழுதுங்க. உயிரோடதான் பிறந்தா. அழுதா. நான் கேட்டேன்" என்றாள்.

எடை பார்த்தார்கள். இரண்டரைக்கும் கொஞ்சம் கூடுதல், நல்ல பிள்ளை. எஸ்தர்தான் எழுதினாள். பேர் என்ற இடத்துக்கு வந்ததும், "பேர் கட்டாயம் இல்ல பேச்சி, பெண் குழந்தைன்னு போட்டாப் போதும்" என்றாள்.

"முத்தரசி" என்றாள் பேச்சி. அந்தப் பேரை அவள் புருஷனிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

எழுதியதும் சேலை சேலையானது. காற்றில் லேசாகப் பறந்தது. பேச்சி அதை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, உலையில் அரிசியைப் போட்டாள், வந்தவர்கள் பசியோடு இருந்தார்கள். அன்று மதியம் உடைமரத்துக்கும் ஓடைக்கும் நடுவே நின்று அவள் போட்ட ஓலத்தை அளத்தில் இருந்த எல்லாரும் கேட்டார்கள், ஒருத்தரும் போய்த் தடுக்கவில்லை. மிச்சமிருந்த ஆடும் தொட்டில்காரிகள் அந்த வாரத்திலேயே ஒவ்வொருத்தியாக வந்து எழுதிக்கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி மேசையில் இருந்த கேடயத்தை யாரோ எடுத்து உள்ளே வைத்தார்கள். விசாரணை வந்தது, டாக்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அந்த ஊரின் கதி என்ன என்று நமக்குத் தெரியாது. சங்குவிளைக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பெட்டியோடு ஒரு அம்மா வந்து, ரப்பர் பொம்மையைக் கிடத்தி, எஸ்தருக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பங்குனி கடைசியில், காலை வெயிலில், பூரணத்துக்கு வலி எடுத்தது. பேச்சிதான் கூட இருந்தாள், இந்தத் தடவை அவளை வெளியே போகச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. பிள்ளை கொடி சுற்றி, நீலம் பாரித்து, துணி பொம்மையாக வந்து விழுந்தது. அழவில்லை. பூரணம் "மைனி, சத்தம் இல்லையே, மைனி" என்று பேச்சியின் கையைப் பிறாண்டினாள். எஸ்தர் ராணி பிள்ளையைத் தட்டில் கிடத்தி, சின்ன முகமூடியை மூக்கின்மேல் வைத்து, பையை அமுக்கினாள். விட்டாள். அமுக்கினாள். "வா ராசா, வா, வா" என்று முணுமுணுத்துக்கொண்டே அமுக்கினாள். பிள்ளையின் நெஞ்சு எழும்பியது. நீலம் மெல்லச் சிவப்பானது. பிறகு அது வாயைக் கோணிக்கொண்டு, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது.

வாசலில் நின்ற லிங்கதுரை எல்லாருக்கும் கொடுக்கச் சீனி வாங்க ஓடினான். பூரணம் சிரித்தாள், அழுதாள், பிள்ளையை மாரில் போட்டுக்கொண்டு மைனி மைனி என்று கூப்பிட்டாள். பேச்சி வரவில்லை. அவள் தட்டுப் பக்கத்திலேயே நின்றாள். பையைக் கையில் எடுத்தாள். ரப்பரில் செய்தது, ஒரு விளாம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, கனமே இல்லை. முகமூடியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினாள். காற்று வந்தது.

"இம்புட்டுதானா, நர்சம்மா?"

எஸ்தர் ராணி தலை குனிந்து கையைக் கழுவினாள், கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். பேச்சி பையை மறுபடி அமுக்கினாள். காற்று வந்தது. அமுக்கிக்கொண்டே இருந்தாள், ஒவ்வொரு தடவையும் வந்தது.